மூச்சின் வலைப்பின்னல்

நுழையும்முன்

உடலில் ஏற்படும் காயத்தை ஆற்றும் பணியை உடலே மேற்கொள்கிறது. தோலில் பட்ட காயம் ஆறித் தழும்பானால், நாம் அதனைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. ஆனால், மூச்சுக்காற்றும் குருதியும் சந்திக்கும் மெல்லிய சுவரில் தழும்பு தோன்றினால் என்ன நேரும்? கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் தமிழகத்து இல்லங்கள் பலவும் இவ்வினாவை எதிர்கொண்டன. கடலை நம்பி வாழும் ஊர்களோ அதற்கு முன்பிருந்தே இதன் வலியை அறிந்திருந்தன. நுரையீரல் தன்னைத்தானே மறுகட்டமைத்துக்கொள்ளும் முறையையும், அப்பணி வழிதவறும் இடத்தையும், அதனைக் காக்க நாம் செய்யத்தக்கனவற்றையும் இப்பாடம் விளக்குகிறது.

கடலும் மூச்சும்

இராமநாதபுரம் மாவட்டத்தின் தென்கரையில், மன்னார் வளைகுடாவை நோக்கி அமைந்துள்ள ஊர் ஏர்வாடி. சுல்தான் சையது இப்ராகிம் பாதுஷா அடங்கியுள்ள தர்காவால் நாடெங்கும் அறியப்பட்ட இவ்வூர், கடலோரத்து உழைப்பாலும் வாழ்கிறது. ஏர்வாடியிலிருந்து கீழக்கரை, மண்டபம், பாம்பன், இராமேசுவரம் என நீளும் இக்கரையில் மூச்சு என்பது உயிருக்கு மட்டுமன்றித் தொழிலுக்கும் முதலாகும். முத்துக் குளித்தவர்களும் சங்கு குளித்தவர்களும் மூச்சை அடக்கிக் கடலின் அடித்தளம்வரை சென்று மீண்டனர். இன்றும் இக்கடற்கரையின் பெண்கள் பலர் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிக் கடற்பாசி சேகரிக்கின்றனர்.

வாழ்வளிக்கும் கடல் சில நேரங்களில் மூச்சைப் பறிக்கவும் செய்கிறது. அலையில் சிக்கிக் கடல்நீரை உள்ளிழுத்த ஒருவர் கரைசேர்க்கப்பட்டுக் கண்விழித்தவுடன், சூழ்ந்திருப்போர் ‘பிழைத்துக்கொண்டார்’ என்று ஆறுதல் அடைகின்றனர். ஆனால், சில மணி நேரம் கழித்து அவருக்கு மூச்சுத் திணறத் தொடங்குவதுண்டு. கரையேறியவருக்கு ஏன் மீண்டும் மூச்சு முட்டுகிறது? நுரையீரலுக்குள் சென்ற நீர் சிறிதளவே என்றாலும், அது குருதியைப்போல் மூன்று மடங்கிற்கும் மேலான உப்புச்செறிவு உடையது. எனவே, அது குருதியிலுள்ள நீர்மத்தைத் தன்பால் இழுக்கிறது. நுரையீரலின் நுண்ணிய சுவர்களைப் புண்படுத்துகிறது. உரிய மருத்துவத்தால் பெரும்பாலோர் சில நாள்களில் தேறிவிடுகின்றனர். சிலருக்கோ அந்நிலை முற்றி, ‘கடும் மூச்சுத்திணறல் நோய்க்குறி’ ஆகிறது. மருத்துவர்கள் இதனைச் சுருக்கமாக ‘ஏ.ஆர்.டி.எஸ்.’ என்பர்.

நீரில் மூழ்குதல் இந்நோய்க்குறியின் காரணங்களுள் ஒன்று மட்டுமே. நுரையீரல் தொற்று, குருதியில் பரவும் நச்சுத்தொற்று, விபத்தில் ஏற்படும் பெருங்காயம், இரைப்பையின் நீர்மம் மூச்சுக்குழலுக்குள் செல்லுதல், புகையை உள்ளிழுத்தல், கணைய அழற்சி எனக் காரணங்கள் பல. அவை தொடங்கும் இடங்கள் வேறுவேறு. வந்து சேரும் இடமோ ஒன்றே.

நுரையால் ஆன ஈரல்

‘நுரையீரல்’ என்னும் சொல்லைப் பிரித்துப் பார்த்தாலே அவ்வுறுப்பின் இயல்பு விளங்கும். நுரையில் எண்ணற்ற காற்றுக்குமிழிகள் செறிந்திருப்பதைப்போல, நுரையீரலில் 30 கோடி முதல் 50 கோடி வரையிலான காற்று நுண்ணறைகள் செறிந்துள்ளன. அவற்றின் சுவர்களை எல்லாம் விரித்துப் பரப்பினால், ஏறத்தாழ 70 சதுர மீட்டர் பரப்பு கிடைக்கும். ஒரு சிறிய வீட்டின் தரையளவு பரப்பு நம் மார்புக்கூட்டினுள் மடிந்து கிடக்கிறது என்பது வியப்பிற்குரியது.

ஒவ்வொரு நுண்ணறையையும் சுற்றிக் குருதி நுண்நாளங்கள் வலைபோலப் படர்ந்துள்ளன. காற்றுக்கும் குருதிக்கும் இடையேயுள்ள சுவர், பெரும்பகுதியில் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடவும் மெல்லியது. அச்சுவரைக் கடந்தே ஆக்சிஜன் குருதியை அடைகிறது. கரியமில வாயு வெளியேறுகிறது. சுவரின் மென்மையே நம் வாழ்வு. அது தடித்தால், காற்று அருகில் இருந்தும் குருதி அதனைப் பெற இயலாது.

இச்சுவரின் உட்புறத்தில் இருவகைச் செல்கள் உள்ளன. முதல்வகைச் செல்கள் தட்டையாக விரிந்து, உட்பரப்பில் ஏறத்தாழ 95 விழுக்காட்டை மூடியுள்ளன. காற்றுப் பரிமாற்றம் இவற்றின் வழியே நிகழ்கிறது. இவை மிக மென்மையானவை, எளிதில் அழிபவை, பிளவுற்றுப் பெருக இயலாதவை. இரண்டாம்வகைச் செல்கள் சிறியவை, கனசதுர வடிவின. இவற்றுக்கு இரண்டு கடமைகள் உண்டு. முதலாவது, ‘சர்ஃபாக்டன்ட்’ என்னும் வழவழப்பான பொருளைச் சுரத்தல். சோப்பு கரைந்த நீரில் குமிழி உடையாமல் நிற்பதைப்போல, இப்பொருள் பரப்பு இழுவிசையைக் குறைத்து, நாம் மூச்சை வெளிவிடும்பொழுது நுண்ணறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கிறது. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகள் மூச்சுத்திணறலுக்கு உள்ளாவது இப்பொருளின் குறைவினால்தான் என்பதனை மேரி எலன் ஏவரி, ஜெரி மீட் ஆகிய ஆய்வாளர்கள் 1959ஆம் ஆண்டு எடுத்துக்காட்டினர். இரண்டாவது கடமை, முதல்வகைச் செல்கள் அழியும்பொழுது தாம் பெருகி, உருமாறி, அவற்றின் இடத்தை நிரப்புதல். நுரையீரலின் மறுகட்டமைப்பு இச்சிறு செல்களையே பெரிதும் நம்பியுள்ளது.

பன்னிருவரிடம் கண்ட ஒற்றுமை

1967ஆம் ஆண்டு, அமெரிக்காவின் டென்வர் நகரில் ஆஷ்பா, பிகலோ, பெட்டி, லெவின் ஆகிய நான்கு மருத்துவர்கள் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். அவர்கள் விவரித்த நோயாளர் பன்னிருவர். விபத்தில் பெருங்காயம் அடைந்தோரும் தொற்றுற்றோரும் அவர்களுள் இருந்தனர். நோயின் தோற்றுவாய் வேறுபட்டிருந்தும், அனைவரிடமும் ஒரே வகையான துன்பம் காணப்பட்டது: விரைவான மூச்சு, ஆக்சிஜன் அளித்தும் நீங்காத நீலநிறம், விறைத்துப்போன நுரையீரல், ஊடுகதிர்ப் படத்தில் இருபுறமும் பரவிய வெண்ணிழல். பல நோய்கள் ஒரே வாயிலில் வந்து நிற்கின்றன என்பதனை அக்கட்டுரை உலகிற்கு உணர்த்தியது.

2012ஆம் ஆண்டு வெளியான ‘பெர்லின் வரையறை’ இந்நோய்க்குறியை மேலும் தெளிவுபடுத்தியது. காரணம் ஏற்பட்டு ஒரு வாரத்திற்குள் தோன்றுதல், இரு நுரையீரல்களிலும் நிழல் காணப்படுதல், இதயத் தளர்ச்சியால் மட்டும் விளக்கவியலாத நீர்த்தேக்கம், குருதியில் ஆக்சிஜன் அளவு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழ் இருத்தல் ஆகியன அதன் கூறுகள். 50 நாடுகளில் நடத்தப்பெற்று 2016ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்படுவோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இந்நோய்க்குறிக்கு ஆளாவதையும், அவர்களுள் பத்தில் நால்வர் உயிரிழப்பதையும் காட்டியது.

மூன்று கட்டங்கள்

காயமுற்ற நுரையீரலில் நிகழும் மாற்றங்களை அறிவியலார் மூன்று கட்டங்களாகப் பகுப்பர். இக்கட்டங்கள் வேலியிட்டுப் பிரித்தவை அல்ல. ஒன்றன்மேல் ஒன்று படிந்து நிகழ்பவை.

முதலாவது, நீர் கசியும் கட்டம். இது ஏறத்தாழ முதல் ஏழு நாள்கள் நீடிக்கும். தொற்றோ காயமோ ஏற்பட்டவுடன் உடலின் காவற்படையான வெள்ளையணுக்கள் நுரையீரலில் குவிகின்றன. பகையை அழிக்க அவை வெளிவிடும் வேதிப்பொருள்கள், நுண்ணறையின் சுவரையும் சேர்த்தே சிதைக்கின்றன. முதல்வகைச் செல்கள் அழிகின்றன. நுண்நாளங்களின் சுவர்களில் இடைவெளி ஏற்பட்டுப் புரதம் நிறைந்த நீர்மம் நுண்ணறைகளுக்குள் கசிகிறது. சர்ஃபாக்டன்ட் செயலிழக்கிறது, நுண்ணறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்கின்றன. கசிந்த புரதமும் இறந்த செல்களின் எச்சங்களும் சேர்ந்து, உட்சுவரில் கண்ணாடி போன்ற படலமாகப் படிகின்றன.

இரண்டாவது, பெருகிச் சீராகும் கட்டம். இது பெரும்பாலும் மூன்றாம் வாரம்வரை தொடரும். இரண்டாம்வகைச் செல்கள் பெருகி, வெறுமையான சுவரின்மேல் பரவுகின்றன. பின்னர்த் தட்டையாகி முதல்வகைச் செல்களாக மாறுகின்றன. தேங்கிய நீர்மம் சிறிது சிறிதாக வெளியேற்றப்படுகிறது. விழுங்கு செல்கள் சிதைவுகளை அகற்றுகின்றன. அதே வேளையில், ஃபைப்ரோபிளாஸ்ட் எனப்படும் நார்ச்செல்கள் வந்து, கொல்லாஜன் என்னும் புரத இழைகளால் ஒரு தற்காலிகச் சாரத்தைக் கட்டுகின்றன. கட்டடம் எழும்வரை சாரம் தேவை; கட்டடம் எழுந்தபின் அது பிரிக்கப்பட வேண்டும். நுரையீரலிலும் பணி முடிந்தபின் மிகையான இழைகள் நொதிகளால் கரைக்கப்பட்டு, சுவர் மீண்டும் மென்மை அடைகிறது. நோயாளர் பலர் இக்கட்டத்திலேயே நலம்பெறத் தொடங்குகின்றனர்.

மூன்றாவது, நார்த்திசு பெருகும் கட்டம். இது எல்லார்க்கும் நேர்வதில்லை. சிலருக்குச் சாரம் பிரிக்கப்படுவதில்லை. மேலும் மேலும் கட்டப்படுகிறது. ‘டி.ஜி.எஃப். பீட்டா’ என்னும் வளர்ச்சிக் காரணியின் தூண்டுதலால், நார்ச்செல்கள் தசைபோலச் சுருங்கும் ஆற்றல் பெற்று, இழைகளை இழுத்து இறுக்குகின்றன. கொல்லாஜன் தடித்துப் படிகிறது. நுண்ணறைகளின் வடிவம் குலைகிறது. நுண்நாளங்கள் பல அடைபட்டு மறைவதால், இதயத்தின் வலப்பக்கத்திற்குச் சுமை கூடுகிறது. நுரைபோல் மென்மையாக இருந்த உறுப்பு விறைப்புடையதாகிறது.

கிழிந்த வலையும் செப்பமும்

கடற்கரை ஊர்களில் மீனவர்கள் கிழிந்த வலையைச் செப்பனிடுவதைக் காணலாம். கிழிந்த இடத்தை அப்படியே விட்டால் மீன் தப்பிவிடும். ஆனால், அவ்விடத்தில் நூலை அளவின்றிச் செலுத்தி முடிச்சின்மேல் முடிச்சிட்டால், வலைக்கண்கள் அடைபடும், நீர் ஊடுருவாது, வலை இழுபட்டு மறுபக்கம் கிழியும். எனவே, கைதேர்ந்தவர் பழைய கண்ணின் அளவை அறிந்து, வேண்டிய நூலை மட்டும் கோத்து, வேண்டிய இடத்தில் நிறுத்துவர். வலை வலையாகவே இருக்க வேண்டுமெனில், எப்பொழுது நிறுத்துவது என்னும் அறிவு இன்றியமையாதது.

நுரையீரலின் மறுகட்டமைப்பும் இத்தகையதே. நோயின் முடிவைக் காயத்தின் அளவு மட்டுமே தீர்மானிப்பதில்லை. செப்பனிடும் பணி உரிய நேரத்தில் நிற்பதும் தீர்மானிக்கிறது. இரண்டாம்வகைச் செல்கள் முதல்வகைச் செல்களாக முழுமையாக உருமாறும் முன்னரே இடைநிலையில் தேங்கிவிடுவதும், நார்த்திசு பெருகுவதற்கு ஒரு காரணமாகலாம் என அண்மைக்கால ஆய்வுகள் சுட்டுகின்றன. சுவர் மூடப்படாதவரை ‘காயம் ஆறவில்லை’ என்னும் குறிப்பு தொடர்ந்து எழுகிறது, நார்ச்செல்களும் ஓய்வதில்லை.

பெருந்தொற்று கற்பித்த பாடம்

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தமிழகத்தில் கொரோனாத் தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. 2021ஆம் ஆண்டு மே மாத இரண்டாம் அலையின் உச்சத்தில், ஒரே நாளில் பதிவான தொற்று எண்ணிக்கை 36,000ஐக் கடந்தது. ஆக்சிஜன் வசதியுள்ள படுக்கைக்காக மக்கள் மருத்துவமனை வாயில்களில் காத்திருந்தனர். தமிழகத்தில் 38,000க்கும் மேற்பட்ட உயிர்களைப் பெருந்தொற்று பறித்ததாக அரசுக் கணக்குகள் கூறுகின்றன. அவர்களுள் பலரது உயிரைப் பறித்தது இம்மூச்சுத்திணறல் நோய்க்குறியே.

கிருமி நீங்கினால் நோய் நீங்கிவிடும் என்பதே பொதுவான எண்ணம். அவ்வாறு எப்பொழுதும் அமைவதில்லை என்பதனைத் தமிழுலகம் ஒரு பெருந்துயரின் வழியே அறிந்தது. திரையிசைப் பாடகர் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கொரோனாத் தொற்றால் சென்னையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். உடல்நிலை மோசமடைந்து, செயற்கைச் சுவாசக் கருவியும், குருதியை உடலுக்கு வெளியே கொணர்ந்து ஆக்சிஜன் ஊட்டும் ‘எக்மோ’ கருவியும் அவருக்குப் பொருத்தப்பட்டன. செப்டம்பர்த் தொடக்கத்தில் அவருக்குத் தொற்று இல்லை என அறிவிக்கப்பட்டது. எனினும், கருவிகளின் துணை தேவைப்பட்டது. அம்மாதம் 25ஆம் நாள் அவர் மறைந்தார். மூச்சை இசையாக்கி அரைநூற்றாண்டிற்கும் மேலாக வாழ்ந்தவர் மூச்சுக்காகப் போராடியதைக் கண்டு தமிழகம் கலங்கியது. பகை வெளியேறிய பின்னரும் போர்க்களத்தின் சிதைவு எஞ்சுகிறது என்பதே இதிலிருந்து நாம் பெறும் அறிவியல் உண்மை.

மருத்துவத்தின் மென்மை

செயற்கைச் சுவாசக் கருவி உயிர்காப்பது. ஆனால், அளவறிந்து கையாளப்பட வேண்டியது. நோயுற்ற நுரையீரலில் காற்று புகக்கூடிய பகுதி மிகச் சிறியது. அதனுள் மிகுதியான காற்றைச் செலுத்தினால், எஞ்சியுள்ள நல்ல நுண்ணறைகளும் அளவுக்குமேல் விரிந்து காயமுறும். அவ்வாறு இழுபடுவதே நார்த்திசு பெருக்கத்தைத் தூண்டும் குறிப்புகளுள் ஒன்று. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஆய்வு, ஒரு மூச்சிற்கு உடல் எடைக் கணக்கில் கிலோவிற்கு 12 மில்லிலிட்டர் காற்றுக்கு மாற்றாக 6 மில்லிலிட்டர் மட்டும் செலுத்தியபொழுது, உயிரிழப்பு ஏறத்தாழ 40 விழுக்காட்டிலிருந்து 31 விழுக்காடாகக் குறைந்ததை நிறுவியது. இங்குக் கணக்கிடப்படும் எடை, நோயாளரின் உயரத்திற்கு உரிய எடையாகும்.

மற்றொன்று, குப்புறப் படுக்கவைத்தல். மல்லாந்து கிடக்கையில் முதுகுப்புற நுண்ணறைகள் அழுந்தி மூடிக்கொள்கின்றன. குப்புறப் படுக்கவைத்தால் அவை திறக்கின்றன. கடுமையாக நோயுற்றோரை நாள்தோறும் ஏறத்தாழ 16 மணி நேரம் அவ்வாறு படுக்கவைத்ததில், 28 நாள்களுக்குள் நேரும் உயிரிழப்பு பாதியாகக் குறைந்ததைப் பிரான்சில் பெரும்பகுதி நிகழ்ந்து 2013ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. மருந்துகளுள், டெக்சாமெத்தசோன் என்னும் விலைகுறைந்த மருந்து, செயற்கைச் சுவாசத்தில் இருந்த கொரோனா நோயாளரிடையே உயிரிழப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்ததை 2020ஆம் ஆண்டு பிரிட்டனில் நடந்த ஆய்வு வெளிப்படுத்தியது. ஆக்சிஜன் தேவைப்படாத நோயாளருக்கு அம்மருந்தால் பயன் விளையவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. ஆகவே, மருத்துவரின் அறிவுரையின்றி அதனை வாங்கி உண்ணுதல் தீங்கு தரும்.

மீண்டு வந்தவர்கள்

நோயிலிருந்து பிழைத்தவரின் நுரையீரல் என்னவாகிறது? இங்கே நம்பிக்கையூட்டும் செய்தி உண்டு. கனடாவின் டொராண்டோ நகரை மையமாகக் கொண்ட மருத்துவக் குழுவினர், இந்நோய்க்குறியிலிருந்து மீண்ட 109 பேரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2011ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். பெரும்பாலோரின் நுரையீரல் செயல்பாடு இயல்புநிலையை ஏறத்தாழ எட்டியிருந்தது. எனினும், ஆறு நிமிடங்களில் அவர்கள் நடக்க இயன்ற தொலைவு, எதிர்பார்க்கப்பட்டதில் 76 விழுக்காடாகவே இருந்தது. தசை மெலிவும் களைப்பும் மனச்சோர்வும் நீடித்தன.

இதனைக் குடும்பத்தினர் உணர்தல் வேண்டும். மருத்துவமனையிலிருந்து திரும்பியவர் நன்கு உண்கிறார், உரையாடுகிறார், வெளிப்பார்வைக்கு நலமாகத் தோன்றுகிறார். ஆனால், வலையை இழுக்கவோ, படகைத் தள்ளவோ, நீர்க்குடம் சுமக்கவோ முயலும்பொழுது அவருக்கு மூச்சு வாங்குகிறது. இதனைச் சோம்பல் என்று பழிப்பது, ஆறிவரும் காயத்தின்மேல் மீண்டும் அடிப்பதற்கு ஒப்பாகும். படிப்படியான நடைப்பயிற்சி, மூச்சுப்பயிற்சி, சத்தான உணவு, புகையை அறவே விலக்குதல், தொடர் மருத்துவ ஆய்வு ஆகியவற்றோடு, சுற்றத்தாரின் பொறுமையும் அவருக்கு மருந்தாகும்.

கரையில் செய்யத்தக்கவை

நுரையீரலின் மறுகட்டமைப்பு நம் கைக்கு எட்டாத உள்நிகழ்வு. ஆனால், காயத்தின் அளவைக் குறைப்பது நம் கையில் உள்ளது. நீரில் மூழ்கியவரை மீட்டவுடன், வயிற்றை அழுத்தி நீரை வெளியேற்ற முயல்வதும், தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதும் பல ஊர்களில் வழக்கமாக உள்ளன. இவற்றால் காலம் வீணாகும். இரைப்பையிலுள்ளவை நுரையீரலுக்குள் புகவும் கூடும். மூச்சு நின்றிருந்தால், வாயோடு வாய் வைத்து மூச்சளிப்பதும், அதனைத் தொடர்ந்து மார்பை அழுத்திவிடுவதுமே முதற்கடமை. 108 அவசர ஊர்தியை உடனே அழைத்தல் வேண்டும். மூழ்கியவர் கண்விழித்துப் பேசினாலும், இருமலோ மூச்சிரைப்போ இருப்பின் அவரை மருத்துவமனையில் பல மணி நேரம் கண்காணிப்பில் வைப்பது இன்றியமையாதது. 2022ஆம் ஆண்டு சனவரியில் இராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. இம்மாவட்டத்துக் கரையோர மக்களுக்கு உயர்மருத்துவம் அருகில் கிடைப்பதற்கு அது வழிசெய்துள்ளது. ஆயினும், மருத்துவமனை அருகில் இருப்பதன் பயன், கரையில் நிற்பவர் காலம் தாழ்த்தாமையில்தான் உள்ளது.

பழந்தமிழில் ‘உயிர்த்தல்’ என்னும் சொல்லுக்கு மூச்சுவிடுதல் என்றும் பொருள் உண்டு. மூச்சையும் உயிரையும் ஒரே வேரில் வைத்துக் கண்டது நம் மொழி. காயமுற்ற நுரையீரல், இழையிழையாகத் தன்னைப் பின்னிக்கொண்டு உயிர்க்க முயல்கிறது. அப்பின்னல் நன்கு அமையக் காலமும் மென்மையும் அளவறிதலும் வேண்டும். நோயுற்றவருக்கு மருத்துவர் அளிக்க வேண்டியவை அவை. மீண்டவருக்கு நாம் அளிக்க வேண்டியவையும் அவையே.

தெரிந்து தெளிவோம்

நுரையீரலின் முதல்வகைச் செல்கள் உட்பரப்பின் பெரும்பகுதியை மூடியிருந்தாலும், எண்ணிக்கையில் இரண்டாம்வகைச் செல்களே மிகுதி. பரப்பால் பெரியவை அழியும்பொழுது, எண்ணிக்கையால் மிகுந்த சிறியவை அவ்விடத்தை நிரப்புகின்றன.

கற்பவை கற்றபின்

1. ‘கட்டடம் எழுந்தபின் சாரம் பிரிக்கப்பட வேண்டும்’ – இவ்வுவமை நுரையீரலின் மறுகட்டமைப்பிற்கு எவ்வாறு பொருந்துகிறது என்பதனை ஒரு பத்தியில் விளக்குக.

2. நீரில் மூழ்கியவருக்கு அளிக்க வேண்டிய முதலுதவி குறித்து, உங்கள் ஊர்மக்கள் படித்துப் பயன்பெறுமாறு எளிய தமிழில் ஓர் அறிவிப்புப் பலகை உருவாக்குக.

3. மூச்சு, உயிர்ப்பு, மூச்சடக்குதல், மூச்சுவாங்குதல் முதலான சொற்களைத் தொகுத்து, அவை பேச்சு வழக்கில் பெறும் பொருள்களை எழுதுக.

4. நோயிலிருந்து மீண்ட உழைப்பாளி ஒருவருக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் இடையே நிகழும் உரையாடலைக் கற்பனையாக எழுதி, வகுப்பில் நடித்துக் காட்டுக.